மைசூரின் இரண்டு கடிகாரங்கள்

மைசூரில் இரண்டு கடிகாரங்கள் பிரசித்தம். டவுன் ஹால் அருகே நிற்பது தொட்ட கடியாரா, அதாவது பெரிய கடிகாரம். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவுக்காக 1927-ல் கட்டப்பட்டது. அதில் எண்கள் கன்னடத்தில் இருக்கும். தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் இருப்பது சிக்க கடியாரா, சின்னக் கடிகாரம். இரண்டுமே ஊருக்குப் பொதுவாக நேரம் சொல்ல வைத்தவை. நிமிர்ந்து மணி பார்த்ததற்காக இதுவரை யாருக்கும் பில் வந்ததில்லை.

அதே ஊரில் வக்கீல் தொழிலுக்கும் இரண்டு கடிகாரங்கள் உண்டு. இவை கண்ணுக்குத் தெரியாது. ஒன்று ஆறு ஆறு நிமிடமாக நகரும். மற்றது வாய்தா வாய்தாவாக நகரும். முதல் கடிகாரத்துக்கு இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வக்கீல் எந்த ஃபைலைத் திறந்தார், எவ்வளவு நேரம் படித்தார், யாருக்கு ஈமெயில் அனுப்பினார் என்று அதுவே குறித்துக்கொண்டு பில்லுக்குக் கணக்குத் தயாரிக்கிறது. இரண்டாவது கடிகாரத்தை யாரும் குறிப்பதே இல்லை.

முதல் கடிகாரம் மைசூருக்கு வந்தது அவுட்சோர்சிங் அலையில். 2000-களின் பிற்பகுதியில் இந்தியாவில் சட்டப் பணி நிறுவனங்கள் முளைத்தன. பெங்களூர், டில்லி, மும்பை, சென்னை என்று அவை பரவியபோது, எஸ்.டி.டி. குளோபல் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் மைசூரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க வக்கீல்கள் நடத்திய நிறுவனம். வேலை பார்த்தவர்கள் இந்தியச் சட்டப் பட்டதாரிகள். 'டா அலி ஜி ஷோ' என்ற டி.வி. நையாண்டி நிகழ்ச்சியில் தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக ஒரு பெண் லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டில் மான நஷ்ட வழக்குப் போட்டார். 2009-ல் அது தள்ளுபடியானது. நகைச்சுவைக் கதாபாத்திரம் உளறுவதை விவரமுள்ள எவரும் உண்மை என்று நினைக்க மாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம். டி.வி. தரப்புக்கான சட்ட ஆய்வும் மனு எழுதும் வேலையும் மைசூரில் நடந்ததாக அப்போது செய்திகள் வந்தன. ஹாலிவுட் வழக்குக்கு சாமுண்டி மலையடிவாரத்தில் மனு தயாரானதில் ஊருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் மணிக்கூலி. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் சீனியர் வக்கீல்கள் மணிக்கு 1,000 டாலருக்கு மேல் வாங்கத் தொடங்கிய காலம் அது. அதே ஆய்வை அதில் ஒரு சிறு பங்குக்கு இந்தியாவில் செய்து வாங்கலாம். நியூயார்க்கில் சாயங்காலம் கொடுத்த வேலை மறுநாள் காலை அங்கே மேஜையில் இருக்கும். ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம் அதற்கு உதவியது. ஆனால் மணிக்கணக்கில் விற்க வேண்டுமானால் மணியைக் கணக்கு வைக்க வேண்டும். கோட் ஸ்டாண்டில் தொங்க, இளம் வக்கீல் திரையின் முன்னால் உட்கார்ந்து, தன் நாளை ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டி எழுதக் கற்றுக்கொண்டார்.

ஏன் ஆறு நிமிடம்? அதன் கதை விசித்திரமானது. மணிக்கூலிக்கு வழி போட்டவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்ற அமெரிக்கர். 1914-ல் ஹார்வர்டில் சட்டம் முடித்துவிட்டு பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் பொறுப்பேற்றார். பணம் கொஞ்சம், வழக்குகள் ஏராளம். எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்தால்தான் இருக்கும் பணத்தில் அதிகம் பேருக்கு உதவ முடியும். அதற்காக ஆரம்பித்ததுதான் நேரக் கணக்கு. பிற்பாடு ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்தை நிர்வகிக்கப் போனபோது அதே பழக்கத்தை அங்கே கொண்டுபோனார். மணியைப் பத்தாக வகுத்தார். பத்தில் ஒரு பங்கு ஆறு நிமிடம். ஏழைகளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கப் பிறந்த கணக்கு, பணக்காரர்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்று பார்க்கும் கணக்காக வளர்ந்தது.

1958-ல் அமெரிக்க பார் அசோசியேஷன் ஒரு பிரசுரம் வெளியிட்டது. டாக்டர்கள் நம்மைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள், நேரத்தைக் குறித்து வைக்கும் வக்கீல்களும் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று அது சொன்னது. வருஷத்துக்கு சுமார் 1,300 மணி நேரம் கட்சிக்காரர்களிடம் பில் போட முடியும் என்பது அதன் கணக்கு. 1975-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பார் சங்கங்கள் வைத்திருந்த குறைந்தபட்ச கட்டணப் பட்டியல் சட்ட விரோதம் என்றது. பட்டியல் போனதும் மணிக்கூலி ஆட்சிக்கு வந்தது. இன்று அங்கே பெரிய நிறுவனங்கள் இளம் வக்கீல்களிடம் எதிர்பார்ப்பது வருஷத்துக்கு 1,800, 2,000 மணி நேரம். இதில் காப்பி குடித்த நேரம் சேராது.

மனிதன் தன் நேரத்தைத் தானே எழுதும்போது இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, மறதி. திங்கள்கிழமை பேசிய ஏழு போன்களை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து யோசித்தால் நான்குதான் ஞாபகம் வரும். வக்கீல் அலுவலகங்களுக்கு சாஃப்ட்வேர் விற்கும் கனடா நிறுவனமான க்ளியோ, தன் வாடிக்கையாளர்களின் கணக்கை வைத்து 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எட்டு மணி நேர வேலை நாளில் அமெரிக்க வக்கீல் பில்லுக்குக் கொண்டுவருவது சராசரியாக 2.3 மணி நேரம்தான் என்றது. சாஃப்ட்வேர் விற்பவரின் கணக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் பெரிய ஓட்டை.

இன்னொரு தவறு மறதிக்கு நேர் எதிர். நடக்காத வேலை ஞாபகத்துக்கு வருவது. இரண்டு நிமிட ஈமெயிலுக்கு ஆறு நிமிடம் போடுவது விதிப்படியே நடக்கும். மணிக்கு 300 டாலர் வாங்குபவருக்கு அந்த ஈமெயில் 30 டாலர். பத்து ஈமெயில் எழுதினால் உழைப்பு 20 நிமிடம், பில் ஒரு மணி. இதற்கும் மேலே போனவர்கள் உண்டு. அமெரிக்க நீதித் துறையில் மூன்றாவது பெரிய பதவியில் இருந்த வெப்ஸ்டர் ஹப்பல், அதற்கு முன் வக்கீலாக இருந்தபோது கட்சிக்காரர்களுக்கும் தன் நிறுவனத்துக்கும் பொய்க் கணக்குக் கொடுத்ததாக 1994-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜனாதிபதி கிளிண்டனின் நண்பர்; சிறைக்குப் போனார்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1993-ல், அமெரிக்க பார் அசோசியேஷன் ஒரு நெறிமுறைக் கருத்து வெளியிட்டது. ஒரே மணி நேரத்தை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு கட்சிக்காரருக்காக விமானத்தில் போகும்போது இன்னொருவரின் ஃபைலைப் படித்துவிட்டு இருவரிடமும் பணம் வாங்கக் கூடாது. ஒருவருக்காக முன்பே எழுதிய மனுவை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, புதிதாக எழுதியதுபோல மணிக்கணக்குப் போடக் கூடாது. மைசூரிலிருந்து ஒரே ரயிலில் பெங்களூர் ஹைகோர்ட்டுக்குப் போய், மூன்று கட்சிக்காரர்களிடம் தனித்தனியாக டாக்சிக்குப் பணம் வாங்கினால் நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் கணக்கு இந்த இரண்டு தவறுகளையும் பிடிக்க வந்தது. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. வக்கீலின் கம்ப்யூட்டரிலும் போனிலும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த ஆவணம் திறந்திருக்கிறது, ஈமெயில் யாருடையது, கேலண்டரில் எந்த மீட்டிங், போன் எத்தனை நிமிடம் என்று குறிக்கும். கொஞ்ச நேரம் கீ போர்டும் மவுஸும் அசையாமல் இருந்தால் கணக்கை நிறுத்திவிடும். ஃபைலின் பெயரையும் ஈமெயில் முகவரியையும் வைத்து இது இன்னார் வழக்கு என்று ஊகித்து, 'ஒப்பந்த வரைவு பரிசீலனை, 0.4 மணி' என்று ஒரு வரி எழுதி வைக்கும். சாயங்காலம் வக்கீல் பார்த்துச் சரி சொன்னால் பில்லில் ஏறிவிடும். வேலையை வகைப்படுத்தும் பொதுக் குறியீடுகள் அமெரிக்காவில் 1990-களின் மத்தியிலேயே வந்துவிட்டன. ஆகவே பில் போடுவதும் கம்ப்யூட்டர், பெரிய கம்பெனிகளில் அதைச் சரிபார்ப்பதும் கம்ப்யூட்டர்.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். பாதி நல்ல விஷயம். நிமிடம் சரியாக எண்ணப்படும். அந்த நிமிடம் தேவைதானா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அரை மணியில் முடிக்கக்கூடியதை இரண்டு மணி இழுத்தால், இரண்டு மணி நேரம் மிகத் துல்லியமாகப் பதிவாகும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வழக்கின் முடிச்சை யோசித்த இருபது நிமிடம், மவுஸ் அசையவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காணாமல் போகும். அந்த இருபது நிமிடம்தான் கட்சிக்காரரைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போது மைசூரின் இரண்டாவது கடிகாரத்துக்கு வருவோம்.

நம் கோர்ட் வக்கீல்கள் பெரும்பாலும் மணிக்கூலிக்காரர்கள் அல்ல. மணிக்கணக்கில் பில் போடுவது மும்பை, டில்லி, பெங்களூர் கம்பெனிச் சட்ட நிறுவனங்களின் வழக்கம். ஜில்லா கோர்ட்டில் வழக்குக்கு இவ்வளவு, கட்டத்துக்கு இவ்வளவு, ஹியரிங்குக்கு இவ்வளவு, குமாஸ்தாவுக்குத் தனி. ஜெயித்தால் பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. ஹியரிங்குக்குப் பணம் என்றால், வழக்கு எத்தனை முறை கூப்பிடப்படுகிறதோ அத்தனை முறை வருமானம். மைசூர் யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த நம் ஆர்.கே. நாராயண், 1961-ல் வெளிவந்த 'மால்குடியின் ஆட்கொல்லி' நாவலில் ஒரு வாய்தா வக்கீலைப் படைத்திருக்கிறார். வழக்கை நாட்கணக்கில் நீட்டுவதே அவருடைய புகழ். சிரித்துக்கொண்டே படிப்போம், சொந்த வழக்கு இல்லாதவரை.

சிவில் வழக்கில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டு 2002-ல் அமலுக்கு வந்தது. சேலம் வக்கீல்கள் சங்கம் அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. திருத்தம் செல்லும், ஆனால் தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களில் மூன்றுக்கு மேலும் கொடுக்கலாம் என்று 2005-ல் கோர்ட் சொன்னது. நம் நாட்டில் தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களுக்கு என்றைக்குப் பஞ்சம்? இன்று நாட்டின் கோர்ட்டுகளில் நிலுவையில் இருப்பவை 5 கோடி வழக்குகளுக்கு மேல்.

ஆக, மணிக்கூலியில் இழுத்தடித்தால் லாபம். ஹியரிங் கூலியில் ஒத்திப்போட்டால் லாபம். எதை அளந்து பணம் கொடுக்கிறோமோ அது பெருகும். இதில் வக்கீல்களின் நேர்மையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மீட்டர் போட்ட ஆட்டோ எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மணிக்கூலியில் இழுத்தால் அது பில்லில் தெரியும். கட்சிக்காரர் சண்டை போடலாம். வாய்தாவில் இழுத்தால் அது எந்தக் காகிதத்திலும் செலவாகத் தெரியாது. பெங்களூரில் உள்ள 'தக்ஷ்' என்ற அமைப்பு 2016-ல் கோர்ட்டுக்கு வருபவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. சிவில் வழக்குக்காரர் ஒரு ஹியரிங்குக்கு வந்துபோகும் நாளில் சராசரியாக 497 ரூபாய் செலவழிக்கிறார். அன்றைய சம்பள இழப்பு 844 ரூபாய் என்று அது கணக்கிட்டது. வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் இதில் சேராது. அதாவது, வழக்காடுபவரின் நேரத்துக்கும் விலை உண்டு. அந்த விலைக்கு யாரும் பில் போடுவதில்லை, ஏனென்றால் அதைக் கட்ட ஆள் இல்லை.

கணக்கில் வராத இன்னொருவரும் அந்த வராந்தாவில் நிற்கிறார். சட்டக் கல்லூரி முடித்துவிட்டு சீனியரிடம் சேர்ந்த ஜூனியர். காலையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கேஸ் கூப்பிடும்வரை காத்திருந்து, கூப்பிட்டதும் "சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார்" என்று சொல்லி அடுத்த தேதி வாங்கி, சாயங்காலம் ஆபீசில் நகல் சரிபார்த்து, ராத்திரி மனு எழுதி முடிக்கிறார். மாதக் கடைசியில் சீனியர் மனசு வைத்து எதையாவது கொடுப்பார். கொடுக்காதவர்களும் உண்டு. தொழில் கற்றுக்கொடுப்பதே சம்பளம் என்பது பழைய நியாயம். அப்பா வக்கீலாக இருந்தவர்களுக்கு அந்த நியாயம் பொருந்தும். கிராமத்திலிருந்து வந்து மைசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது பசி.

இந்த விஷயத்தைத் தமிழ்நாட்டில் கோர்ட்டே எடுத்துப் பேசியது. ஜூனியர் வக்கீல்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும், அதற்கு சுற்றறிக்கை அனுப்புங்கள் என்று 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று நாடு முழுவதற்கும் சொன்னது. ஆனால் அது சிபாரிசுதான்; கட்டாயம் இல்லை.

ஆக ஒரே ஊரில், ஒரே சட்டப் படிப்பு படித்த இரண்டு பேர். ஒருவருடைய ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்கும் கடல் தாண்டி ஒரு விலை இருந்தது. மற்றவருடைய ஆறு வருஷத்துக்கும் விலை இல்லை. முதலாமவர் செய்வது வக்கீல் தொழில்தானா என்ற வாதமும் நம் ஊரில்தான் ஆரம்பித்தது. ஏ.கே. பாலாஜி என்ற வக்கீல் சென்னை ஹைகோர்ட்டில் போட்ட வழக்கு அது. 2012-ல் ஹைகோர்ட்டும் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வெளிநாட்டு வக்கீல்கள் எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். அவுட்சோர்சிங் நிறுவனங்களைப் பொறுத்தவரை பெயர்ப் பலகை முக்கியமில்லை, நடப்பது உண்மையில் வக்கீல் தொழில் என்றால் வக்கீல்கள் சட்டம் பாயும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-லும் 2025-லும் பார் கவுன்சில் வெளியிட்ட விதிகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, கோர்ட் வாசலுக்கு வெளியே, இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கின்றன. மணிக்கூலியும் அதை எண்ணும் சாஃப்ட்வேரும் பின்னாலேயே வரும்.

வரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி. என் பதில் ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கை யார் பார்க்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதலாளி மட்டும் பார்த்தால் அது வேவு. கட்சிக்காரரும் ஜூனியரும் பார்த்தால் அது ரசீது.

வேவு என்று சொல்லக் காரணம் உண்டு. வேலையைக் குறிக்கும் சாஃப்ட்வேருக்கும் ஆளைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேருக்கும் இடையில் உள்ள சுவர் மெல்லியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிப்பது, எத்தனை முறை கீயைத் தட்டினார் என்று எண்ணுவது எல்லாம் இந்தச் சந்தையில் கிடைக்கும் சரக்குகள். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தமான காரணங்களுக்காக முதலாளி ஊழியரின் தகவலைத் தனிச் சம்மதம் இல்லாமலே கையாள இடம் கொடுக்கிறது. ஜூனியருக்கு அங்கே பெரிய பாதுகாப்பு இல்லை. கட்சிக்காரருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. அவர் வக்கீலிடம் சொல்வது ரகசியம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவும் அதைக் காக்கிறது. ஆனால் 'விவாகரத்து நோட்டீஸ் வரைவு' என்ற ஃபைல் பெயரே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடும். அந்தப் பெயர் எந்த ஊர் சர்வரில், யார் கண் படும்படி கிடக்கிறது என்று கேட்க அவருக்கு உரிமை வேண்டும்.

ரசீது என்று சொல்லவும் காரணம் உண்டு. ஒரு ஜூனியரிடம், வருஷத்தில் இத்தனை மணி நேரம் மனு எழுதினேன், இத்தனை மணி நேரம் வராந்தாவில் நின்றேன் என்ற கணக்கு இருந்தால் சம்பளப் பேச்சு தயவிலிருந்து நியாயத்துக்கு நகரும். 15,000 ரூபாய் அதிகமா குறைவா என்பதற்கு முன், எத்தனை மணி நேரத்துக்கு 15,000 என்று கேட்கலாம். வராந்தாவில் போன மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கோர்ட்டுகளுக்கும் ஒரு பாடம் கிடைக்கும். இந்த வேலைக்குப் பெரிய சாஃப்ட்வேர் கூட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாஸ்டனில் அந்த இளைஞர் ஆரம்பித்ததும் காகிதத்தில்தான்.

இதற்கிடையில் மணிக்கூலியின் அஸ்திவாரமே ஆடத் தொடங்கியிருக்கிறது. செயற்கை அறிவு கொண்டு மனு எழுதும் காலம் இது. அமெரிக்க பார் அசோசியேஷன் 2024 ஜூலையில் சொன்ன கருத்து இதுதான்: கம்ப்யூட்டர் உதவியால் வேலை 15 நிமிடத்தில் முடிந்தால் அந்த 15 நிமிடத்துக்கும், வந்ததைச் சரிபார்த்த நேரத்துக்கும்தான் பில்; மிச்சமான நேரத்தை விற்க முடியாது. நியாயம். ஆனால் வேகமாக வேலை செய்பவருக்குத் தண்டனையும் அதுவே. நேரத்தை ஒரு கம்ப்யூட்டர் துல்லியமாக எண்ண ஆரம்பித்த அதே காலத்தில், இன்னொரு கம்ப்யூட்டர் நேரத்துக்கும் உழைப்புக்கும் உள்ள உறவையே அறுத்துவிட்டது. இதில் முதலில் அடிபடுவது மைசூரில் ராத்திரி கண்விழித்து ஆய்வு செய்த இளைஞர்களின் மாதிரி வேலைகள்தான். அவர்கள் விற்ற மணி நேரம்தான் மலிவு. மலிவுக்கு மலிவாக இப்போது ஒன்று வந்திருக்கிறது.

கட்சிக்காரராக இருக்கும் வாசகர் என்ன செய்யலாம்? வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லிவிட்டது. கட்டணம் அதிகம், வேலை மோசம் என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆகவே முன்பே கேட்டு வைப்பது ஒன்றுதான் வழி. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எதிர்த் தரப்பும் வராமல், சாட்சியும் விசாரிக்காமல் வெறும் வாய்தா வாங்கிய நாளுக்குக் கட்டணம் உண்டா என்று அன்றே பேசிவிடுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். கட்சிக்காரரின் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஃபீஸ் பாக்கி என்பதற்காக உங்கள் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது; அது உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது. கேட்டால் வக்கீல் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல வக்கீல்கள் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, வக்கீல் ஐயா எழுதிய மனுவை ராத்திரி உட்கார்ந்து யார் தயாரித்தது, அவருக்கு இந்த மாதம் ஏதாவது கிடைத்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். பில்லில் அந்த வரி இருக்காது.